ரூட்டரை மாற்றினால் போதாது

கண்ணு,

நேற்று நீ போனில் புது வேலையைப் பற்றிச் சொன்னபோது நான் ஒழுங்காகப் பதில் பேசவில்லை. புது இணைப்பு கேட்டு வந்தவர்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு மொத்தமும் இனி உன் பொறுப்பு என்றாய். "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டாய். "நல்லா இரு சாமி" என்று சொல்லி வைத்துவிட்டேன். உங்கப்பாவுக்கு அது போதுமான பதில். உனக்கும் போதுமாக இருந்திருக்கும். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. உன் படிப்பில் உனக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மலையில் நெட் கம்பெனி நடத்துகிறவள் நான். இணைப்பைக் கொடுத்துவிட்டு, அதில் ஒரு கேடு வந்தபோது, அதை வாங்கியவர்கள் முகத்தைப் பார்த்து நின்று பேசியிருக்கிறேன். அந்த அனுபவம் உனக்கு இனிமேல் தேவைப்படும் என்று தோன்றுகிறது. அதனால் எழுதுகிறேன்.

நம் தொழில் தொடங்கிய கதை உனக்குத் தெரியும், ஆனால் அது எப்படி வளர்ந்தது என்பதை நீ விடுதியிலும் கல்லூரியிலும் இருந்ததால் முழுதாகப் பார்த்ததில்லை. கேபிள் டிவிக்குக் கம்பி இழுத்த உங்கப்பாவும் நானும், லாட்ஜ்களுக்கு நெட் வேண்டும் என்று ஆட்கள் கேட்க ஆரம்பித்தபோது ஃபைபருக்கு மாறினோம். மலைக்கு மேலே நெட்டைக் கொண்டுவரப் பெரிய கம்பெனி எதுவும் அப்போது தயாராக இல்லை. சேலத்திலிருந்து மலைப்பாதை நெடுக வருகிற லைன், சில்வர் ஓக் மரம் சாய்ந்தால் அறுந்துபோகும், பாறை உருண்டால் அறுந்துபோகும், குரங்கு தொங்கினால்கூட இணைப்புப் பெட்டி திறந்துகொள்ளும். லாட்ஜ்கள், உறைவிடப் பள்ளி, வெள்ளக்கடை கிராமத்துப் பக்கத்து எஸ்டேட்டுகள், காப்பியும் மிளகும் போடுகிற விவசாயிகள் வீடுகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. நம் லைன்மேன் அந்தோணி ஒரு பைக்கில் மலை முழுவதையும் பார்த்துக்கொண்டான். லைன் போனால் எங்கள் நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள், நாங்கள் எடுப்போம். நாம் விற்றதில் பாதி அந்த ஒரு வசதிதான்.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. வளைவுகளில் மண் சரிந்து ஜீப்கூட ஓடவில்லை. வெள்ளக்கடைக்குப் போன அந்தோணி பாதி வழியில் திரும்பி வந்தான். ஒவ்வொரு வீட்டு ரூட்டரையும் நேரில் போய்ச் சரிசெய்ய முடியாத நிலை. நீ பெங்களூரில் இருந்தபடி ஒரு வழி சொன்னாய். வாடிக்கையாளர்களின் ரூட்டர்களை எல்லாம் ஆபீசிலிருந்தே திறந்து பார்க்கிற மாதிரி வைக்கலாம் என்றாய். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அது நல்ல வேலை, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். பஜாரில் இருக்கிற டாக்டர் சேலத்து மருத்துவமனைக்கு ஸ்கேன் படம் அனுப்ப முடிந்தது அதனால்தான். ஆனால் மழை விட்டதும் அந்தக் கதவை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கோளாறைச் சரிசெய்கிற சுகம் எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போனது. நாம் உள்ளே போக வைத்த வழி, உலகத்தில் இருக்கிற யாருக்கும் திறந்தே கிடந்தது.

அடுத்த கோடை சீசனில், ஏரிப் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கும் தேவசகாயம் ஆபீசுக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே சிரிப்பவர். அன்றைக்குச் சிரிப்பில்லை. பின்னாலேயே அவர் மனைவியும் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, ஈரோட்டுல இருந்து ஒரு குடும்பம் வந்து நிக்குது. ரூமுக்குப் பணம் கட்டிட்டோம்ங்கறாங்க. எங்களுக்கு ஒண்ணும் வரலை. பார்த்தா, என்ற சொந்த மெயில்ல இருந்தே, இந்தக் கணக்குல கட்டுங்கன்னு பதில் போயிருக்குது. நான் அனுப்பலைங்க. குழந்தை குட்டியோட வந்தவங்க என்னையத் திருடன்னு சொல்லிட்டுப் போறாங்க."

அந்தோணி உடனே, "அண்ணா, அது உங்க மெயில். நம்ம லைனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைங்க" என்றான். அவன் சொன்னதைத்தான் நானும் நம்பினேன். ஆனால் அன்று காலையில்தான் பள்ளியிலிருந்து ஒரு புகார் வந்திருந்தது. வங்கியின் பக்கத்தைத் திறந்தால் வேறு மாதிரி வருகிறது, எச்சரிக்கை காட்டுகிறது என்று. இரண்டும் ஒரே நாளில் வந்ததை நான் விடவில்லை. தேவசகாயத்தை உட்காரவைத்து, "மெயில் திறக்கும்போது வித்தியாசமா ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்று கேட்டேன். அவர் மனைவிதான் பதில் சொன்னார். "போன வாரம் சிவப்பா ஒரு பக்கம் வந்துச்சுங்க. பாதுகாப்பில்லைன்னு போட்டிருந்துச்சு. கீழ தட்டுனா போயிருச்சு. அப்பறம் பாஸ்வேர்டு கேட்டுச்சு, அடிச்சேன்." அதைச் சொல்லும்போது அவர் தன் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

உன்னை வீடியோவில் கூப்பிட்டேன். நீ அந்த லாட்ஜ் ரூட்டருக்குள் போய்ப் பார்த்தாய். பிறகு பள்ளியுடையதைப் பார்த்தாய், பிறகு வேறு சில வீடுகளுடையதை. ஒருவர் வங்கியின் பெயரையோ மெயிலின் பெயரையோ அடித்தால், அது எங்கே இருக்கிறது என்று ரூட்டர் ஒரு இடத்தில் விசாரிக்கும். அந்த விசாரிக்கிற இடத்தையே யாரோ மாற்றிவைத்திருந்தார்கள். கேட்டவர்களை எல்லாம் பொய்யான வாசலுக்கு அனுப்பி, அங்கே பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நம் இணைப்பு வழியாக, நாம் திறந்துவைத்த கதவு வழியாக.

அதற்கப்புறம் நாம் பேசிக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

"அம்மா, பயப்படாத. இங்க இருந்தே எல்லா ரூட்டரையும் சரி பண்ணிடறேன். பாஸ்வேர்டு எல்லாம் மாத்தி, வெளிய இருந்து வர்ற வழியை அடைச்சிடறேன். கொஞ்ச நேரம் நெட் நிக்கும். மெயின்டெனன்ஸ்னு எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போட்டிரு."

"மெயின்டெனன்ஸா?"

"இப்ப போய் இதைச் சொன்னா பேரு போயிரும்மா. பள்ளிக்கூடம் இந்த மாசம் ரினியூ பண்ணணும். அந்தப் பெரிய கம்பெனிக்காரன் குப்பனூர் ரோட்டுல கம்பம் நட்டுட்டு மேல வந்துட்டிருக்கான்."

நீ சொன்னதில் எதுவும் பொய்யில்லை. எனக்கும் அந்தக் கம்பங்களைப் பார்த்தால் பயம்தான். உங்கப்பா என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் உன்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "நீ ரூட்டரை மாத்திருவ கண்ணு. அவங்க ஏற்கெனவே அடிச்ச பாஸ்வேர்டு?"

நானே தொடர்ந்து சொன்னேன்.

"அது போனது போனதுதானே. அதை அவங்கதான் மாத்த முடியும். நாம சொல்லலைன்னா எப்படி மாத்துவாங்க?"

அதற்கு நீ, "நான் கெளம்பி வர்றேன்மா" என்றாய். எனக்கு அன்றைக்கு வந்த தைரியத்தில் பாதி அந்த வார்த்தையில்தான் வந்தது. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நீ சேலத்தில் இறங்கி மேலே வருவதற்குள் நான் பள்ளிக்குப் போய்விட்டேன். நமக்குப் பெரிய வாடிக்கையாளர் அவர்கள்தான், அதனால் அவர்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஃபாதர் அறையில் உட்கார்ந்து, என்ன நடந்தது, எங்கள் பக்கம் என்ன தவறு, அவர்கள் உடனே எதை எதை மாற்ற வேண்டும் என்று சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அங்கேயே ஆபீஸ் ஆட்களைக் கூப்பிட்டு எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னார், வங்கிக்கும் பேசச் சொன்னார். அதற்குப் பிறகு என்னிடம், "நீங்களா வந்து சொன்னதுக்கு நொம்ப நன்றிங்கம்மா. ஆனா பிள்ளைங்க இருக்கிற இடம். மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும்" என்றார். அந்த மாதமே அவர்கள் பெரிய கம்பெனிக்கு மாறினார்கள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் எல்லாம் திரும்பி வரும் என்று நான் உனக்கு எழுத மாட்டேன். பள்ளி திரும்பி வரவில்லை. அந்த வருஷம் ஆபீசுக்குப் பின்னால் கட்ட நினைத்த அறையைக் கட்டவில்லை. அவ்வளவுதான் நமக்கு ஆனது. அதைத் தாங்க முடிந்தது.

மற்றவர்களை எல்லாம் சர்ச் ஹாலுக்கு வரச் சொன்னோம். லாட்ஜ்காரர்கள், கடைக்காரர்கள், மலைக் கிராமங்களிலிருந்து பைக்கில் வந்த விவசாயிகள். நீ பஸ்ஸிலிருந்து இறங்கி, பையோடு நேராக அங்கே வந்து கடைசி வரிசையில் நின்றாய். நான் மைக்கைப் பிடித்தேன். தமிழில், நம் பேச்சில்தான் பேசினேன். தவறு நம்முடையது என்று முதல் வார்த்தையாகச் சொன்னேன். ஹால் கசமுசா என்று ஆகிவிட்டது. ஒருவர் எழுந்து, பணம் வாங்கும்போது மட்டும் பாதுகாப்பு பாதுகாப்பு என்று பேசினீர்களே என்றார். பேசியிருந்தேன், அதனால் ஆமாம் என்று ஒத்துக்கொண்டேன். மிளகு விற்கிற ஒரு பெண் கையைத் தூக்கி, "ஏனுங்கக்கா, என்ற போன்ல இருக்கிற போட்டோ எல்லாம் பாத்திருப்பாங்களா?" என்று கேட்டாள். எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி அது. இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா. "எனக்குத் தெரியலை கண்ணு. பாத்திருக்க மாட்டாங்கன்னு எம் பையன் சொல்றான். ஆனா உறுதியாத் தெரியாது. பாஸ்வேர்டை மாத்திக்க, அதுதான் இப்ப செய்ய முடிஞ்சது" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பிறகுதான் நான் தெரியும் என்று சொன்னவற்றை அவர்கள் நம்பினார்கள். அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை. நீயும் அந்தோணியும் நாற்காலி நாற்காலியாகப் போய், போனை வாங்கி, எப்படி மாற்றுவது என்று காட்டினீர்கள்.

வராதவர்களைத் தேடி நாம் போனோம். நீ பைக்கை ஓட்ட, நான் பின்னால். மூடுபனியில் உன் தோளைப் பிடித்துக்கொண்டு வெள்ளக்கடைப் பாதையில் போனதை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வேலை சந்தோஷமான வேலை இல்லை. எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிற ரைட்டர் பெருமாள் நம்மைப் பார்த்துக் காப்பி சொல்லிவிட்டு, "எங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்க. மெயில் எல்லாம் கரெக்டா வருது, போகுது" என்றார். நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன். நீ எழவில்லை. "அண்ணா, ஒரே ஒரு நிமிஷம் செட்டிங்க்ஸ் மட்டும் பாத்துக்கறேனுங்க" என்று கேட்டாய். அவர் நாற்காலியை விட்டுக் கொடுத்தார்.

அந்த எஸ்டேட்டுக்கு வருகிற ஒவ்வொரு மெயிலின் நகலும் சத்தமில்லாமல் வேறொரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இது நீங்க வெச்சதுங்களா?"

"நான் எங்கீங்க வெச்சேன். இப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாதுங்க" என்றார் பெருமாள். அந்த வாரம்தான் அவர்கள் காப்பி லோடு ஒன்று வெளியே போக இருந்தது. நீ உடனே, "வாங்கறவங்களுக்குப் போன் போடுங்கண்ணா. மெயில் வேண்டாம், போன்" என்றாய். போட்டார். எஸ்டேட்டின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிமேல் புதுக் கணக்கில் கட்டுங்கள் என்று முந்தின நாளே அவர்களுக்கு ஒரு கடிதம் போயிருந்தது. எஸ்டேட்டின் மெயிலிலிருந்தே. அவர்கள் இன்னும் பணம் அனுப்பவில்லை. பெருமாள் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "இந்த லோடு பணம் போயிருந்தா, இங்க வேலை செய்யற அத்தனை ஊட்டுலயும் அடுப்பெரியாதுங்க தம்பி" என்றார். காப்பி ஆறிப்போனது. யாரும் எடுக்கவில்லை.

நீ திரும்பும்போது வண்டியை ஒரு வளைவில் நிறுத்தினாய். "மெயின்டெனன்ஸ்னு போட்டிருந்தா?" என்று மட்டும் கேட்டாய். பதில் உனக்கே தெரிந்திருந்தது. ஒன்று மட்டும் சொல்கிறேன், நீ அன்றைக்குச் சொன்ன யோசனையை நான் கெட்ட எண்ணம் என்று ஒருபோதும் நினைத்ததில்லை. என்னையும் உங்கப்பாவையும் காப்பாற்ற நினைத்தாய். இனிமேல் உன் கீழே வேலை செய்கிறவர்களும் அப்படித்தான் வருவார்கள். உன்னையும் கம்பெனியையும் காப்பாற்றுவதற்காகவே, வெளியில் சொல்ல வேண்டாம் என்பார்கள். நல்லவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். அவர்களைத் திட்டாதே. இதை யார் போய் மாற்ற வேண்டும், அவர்களுக்கு யார் சொல்வது என்று மட்டும் கேள். மிச்சத்தை அவர்களே யோசிப்பார்கள், நீ யோசித்த மாதிரி.

தேவசகாயத்தின் விஷயம் மட்டும் எனக்கு ஆறவில்லை. எஸ்டேட்டைக் காப்பாற்றிவிட்டோம், ஆனால் அவருக்கு நடந்தது நடந்துவிட்டது. அந்த ஈரோட்டுக் குடும்பத்தின் நம்பரை வாங்கி நானே கூப்பிட்டேன். முதலில் பேச மறுத்தார்கள். "நான் அந்த லாட்ஜ்காரங்க இல்லைங்க. அவங்களுக்கு நெட் கொடுத்தவ நான். தப்பு எங்க பக்கம்" என்றதும் கேட்டார்கள். நடந்ததை விளக்கமாகச் சொன்னேன், போலீசில் புகார் கொடுக்க என்ன வேண்டுமோ எல்லாம் எழுதி அனுப்பினேன். இணையத்தில் தேவசகாயத்தைப் பற்றி எழுதியிருந்ததை அவர்கள் எடுத்துவிட்டு, வேறு மாதிரி எழுதினார்கள். அடுத்த விடுமுறைக்கு அவர் லாட்ஜிலேயே வந்து தங்கினார்கள். பணம் வாங்க மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடிக்க, கொடுத்தே தீருவோம் என்று அவர்கள் பிடிவாதம் பிடிக்க, பெரிய கூத்தாக இருந்ததாம். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அவர் மனைவி அந்தச் சிவப்புப் பக்கத்தைப் பற்றி எல்லோர் முன்னாலும் வாய் திறந்து சொன்னதால்தான் நமக்கு இந்த விஷயமே பிடிபட்டது. அன்றைக்கு அவரை யாராவது ஒரு சொல் கடுமையாகச் சொல்லியிருந்தால், அடுத்த முறை அவர் சொல்லவே மாட்டார். அதனால் அவர் வீட்டுக்குப் போய், நீங்கள் சொன்னதால் ஒரு எஸ்டேட் பிழைத்தது என்று அவர் கணவர் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது நாம் எந்த ரூட்டரையும் வெளியிலிருந்து திறப்பதில்லை. நீ சொல்லிக்கொடுத்த பாதுகாப்பான வழியில், ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து மட்டும் போகிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பாஸ்வேர்டு. மழைக்கால அவசரத்துக்கு எதையாவது திறந்தால், எப்போது மூட வேண்டும் என்பதையும் அந்தோணி அப்போதே முடிவு செய்துவிடுகிறான். இதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி போன இடத்தில் சின்னச் சின்ன வீடுகள் நிறைய வந்திருக்கின்றன. பெரிய கம்பெனியிடம் விலை குறைவு, ஆனால் எங்களிடமே இருக்கிறார்கள். தொழில் நன்றாக நடக்கிறது. உங்கப்பா கம்பம் ஏறுவதை விட்டுவிட்டார், கீழே நின்று அந்தோணிக்கு வழி சொல்வதை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நம் ஆபீஸ் வாசலில் ஒரு கூட்டம் சேருகிறது, கண்ணு. இணைப்புக்காக வருகிற கூட்டம் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் போன். "அக்கா, பார்சல் வந்திருக்குன்னு ஒரு மெசேஜுங்க, தட்டலை, நீங்க பாருங்க." "அம்மிணி, கரண்ட் கட் பண்ணிருவோம்னு வந்திருக்குது, நெசமுங்களா?" பாதி பேர் நம் வாடிக்கையாளர்கள்கூட இல்லை. போன வாரம் பள்ளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார், அவர்களுடைய நெட் வேறு கம்பெனியுடையது, ஆனாலும் காட்ட இங்கே வந்தார். முந்தாநாள் ஒரு பெண் ஓரமாக ரொம்ப நேரம் நின்றாள். எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்து, "நான் தட்டிட்டேனுங்கக்கா" என்று சொல்லி அழுதாள். அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, போனை வாங்கிப் பார்த்தேன். வங்கிக்குப் பேசிப் பணம் போவதை நேரத்தோடு நிறுத்திவிட்டோம்.

உன் புது ஆபீசிலும் ஒருநாள் ஒருவர் அப்படி ஓரமாக வந்து நிற்பார். மீட்டிங் இருக்கும், மேலே இருப்பவர்கள் கூப்பிடுவார்கள், உனக்கு நேரமே இருக்காது. இருந்தாலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்கள் என்று சொல். உன்னால் அது முடியும். வெள்ளக்கடையில் நான் எழப் பார்த்தபோதும் எழாமல் உட்கார்ந்திருந்த பிள்ளை நீ.

உன்
அம்மா